முகப்புப் படமும் பின்னேர வெயிலும்

கேள்வி: வவுனியாவில் எங்கள் ஒழுங்கையில் ஐந்து மாடித் தொடர்மாடி ஒன்று வரப்போகிறது. முகப்புப் படத்தில் வெள்ளைச் சுவர், மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. இளம் ஆட்கள் 'கொழும்பு மாதிரி' என்று சந்தோசப்படுகிறார்கள். பெரியவர்கள் 'ஊருக்குப் பொருந்தாது' என்கிறார்கள். சபைக்குக் கடிதம் கொடுக்க இருக்கிறோம். என்ன எழுதினால் எடுபடும்?

பதில்: 'பிடிக்கவில்லை' என்று நூறு பேர் கையெழுத்து வைத்தாலும் வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறாது. அளவோடு எழுதுங்கள்.

மேற்குக் கண்ணாடியில் தொடங்குங்கள். மார்ச் 21 அளவில் பின்னேரம் 4 மணிக்கு வன்னியில் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 33 பாகையில் நிற்கும். அந்தச் சாய்வில் 4 அடி உயர யன்னலை முழுதாக நிழலில் வைக்க, அதற்கு மேலே ஏறக்குறைய 6 அடி வெளியே நீட்டிய கூரை வேண்டும். வழமையாகப் போடும் 2 அடி நீட்டல் உச்சி வெயிலுக்கு உதவும், பின்னேர வெயிலுக்கு உதவாது. மேற்கில் படிக்கட்டையும் நடைபாதையையும் வைத்து அறைகளைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். அல்லது யன்னலுக்கு வெளியே நிலைக்குத்தான தடுப்புத் தகடுகள் கேளுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் நாள் முழுக்கக் குளிரூட்டி போடுவார், அதன் சூடு உங்கள் ஒழுங்கைக்குத்தான் வரும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயிலும் எதிர்வீட்டு விறாந்தையில் விழும்.

அதே 4 மணிக்கு 50 அடி உயரக் கட்டடத்தின் நிழல் கிழக்கே ஏறக்குறைய 76 அடி வரை போகும். அந்தத் தூரத்துக்குள் யாருடைய வளவில் சூரியத் தகடு இருக்கிறது, எங்கே நெல் காயப் போடுகிறார்கள் என்று காணி வரைபடத்தில் குறித்துக் கடிதத்தோடு இணையுங்கள்.

மழைத் தண்ணீரை மறக்க வேண்டாம். 5,000 சதுர அடிக் கூரையில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் சுமார் 46,000 லீற்றர் தண்ணீர். மாரியில் அது எந்த வாய்க்காலால் எந்தக் குளத்துக்குப் போகும் என்று முகப்புப் படம் சொல்லாது. மலசலகூடக் குழி எங்கே, அதிலிருந்து பக்கத்துக் கிணறு எத்தனை அடி தூரத்தில் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

வெள்ளைச் சுவர் வேறு கதை. யன்னல் விளிம்பின் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு சிறு காடி வெட்டாவிட்டால், மழைநீர் விளிம்பைச் சுற்றி வந்து சுவரோடு வழியும். நாலைந்து மாரியில் ஒவ்வொரு யன்னலுக்குக் கீழும் கறுப்புப் பாசிக்கோடு. கீழ் மாடியில் சோளகக் காற்று கொண்டுவரும் செம்புழுதி.

கேள்வி: முகப்பில் கோபுர வளைவும் பனை உருவமும் வைத்தால் நம் அடையாளம் வந்துவிடாதா?

பதில்: வராது. எதிரெதிராக யன்னல் வைத்துக் காற்று ஊடறுத்துப் போகும் அறை, ஆட்கள் கதைத்துக் கொண்டிருக்க நிழல் விழும் விறாந்தை, உடுப்புக் காயப் போட இடம்: இவைதான் நம் வீடு. பணம் இருந்தால் அங்கே செலவழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வரைபடத்தை எங்களுக்குக் காட்டுவார்களா?

பதில்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். முகப்புப் படம் அல்ல, காணித் திட்டப்படமும் குறுக்குவெட்டுப் படமும் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். உயரமும் எல்லைத் தூரமும் அவற்றில்தான் இருக்கும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.