இலங்கையில் ஏ.எல்லுக்கு (உயர்தரப் பரீட்சை) பயோ, அதாவது உயிரியல் பிரிவு, எடுத்துவிட்டுப் பிறகு இன்ஜினியரிங் போகலாமா?

முடியாது. அரச பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கு ஏ.எல்லில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். இரசாயனவியலை விட்டு ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடுத்தாலும் கிடைக்காது.

இன்ஜினியர் ஆகவேண்டும் என்கிற மகள் பயோ கேட்கிறாள் என்றால், அநேகமாகக் கணிதப் பயம்தான். ஓ.எல்லில் (சாதாரண தரப் பரீட்சை) கணிதத்துக்கு 'ஏ' எடுத்த பிள்ளைகளுக்கும் அது வரும். (கூட்டாளிமார் எல்லாரும் வெள்ளவத்தையில் ஒரே பயோ வகுப்பில் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.)

இரண்டு வாரம் இணைந்த கணித வகுப்பில் இருக்க விடுங்கள். மார்க்ஸைப் பார்க்காதீர்கள். கணக்குப் பிழைத்ததும் கொப்பியை மூடுகிறாளா, வெட்டிவிட்டுத் திரும்பச் செய்கிறாளா என்று கவனியுங்கள்.

ஆனால் கணிதப் பிரிவுக்குப் போனால் மருத்துவம் இல்லை. கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியும் (பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி) வழக்கமாக உயரம். மூன்று பாடமும் பாஸ் என்பது மட்டும் போதாது.