ஜெர்ம் என்றால் கிருமி இல்லை

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. மூன்று மாதமாக இருமல், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஸ்கேனில் நெஞ்சின் நடுவே பெரிய கட்டி, பயாப்ஸி பார்த்துவிட்டு ‘ஜெர்ம் செல்’ புற்றுநோய் என்கிறார்கள். ரத்தத்தில் ஏஎஃப்பி அதிகமாம். இது கிருமியால் வருவதா, வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு ஒட்டுமா? நெஞ்சில் கட்டி இருக்கும்போது விரைப்பையை ஏன் ஸ்கேன் எடுத்தார்கள்? அவன் கூச்சத்தில் யாரிடமும் பேசுவதே இல்லை.

பதில்: ஒட்டவே ஒட்டாது. குழந்தைகளைத் தம்பியின் பக்கத்தில் உட்கார வையுங்கள், இப்போது அவருக்கு அதுதான் தேவை. அந்தப் பெயர் நிறைய குடும்பங்களை இப்படிக் குழப்பியிருக்கிறது. இங்கே ஜெர்ம் என்பதற்கு முளை, வித்து என்று பொருள். பின்னாளில் விந்தணுவாகவோ கருமுட்டையாகவோ ஆக வேண்டிய செல்கள் இவை.

இந்த செல்கள் விரையிலோ சினைப்பையிலோ பிறப்பதில்லை. கரு உருவான முதல் சில வாரங்களில் கருவுக்கு வெளியே, மஞ்சட்கருப் பையின் சுவரில் தோன்றி, உடலின் நடுக்கோட்டை ஒட்டியே நகர்ந்து போய்த்தான் அங்கே சேருகின்றன. போகிற வழியில் சில தங்கிவிடுகின்றன, பல வருடம் கழித்து அவற்றில் ஒன்று கட்டியாகிறது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதனால்தான் இரண்டு நுரையீரலுக்கும் நடுவில், வயிற்றின் பின்புறத்தில், மூளையின் நடுப்பகுதியில், பச்சைக் குழந்தைக்கு வால் எலும்பருகில் என்று நடுக்கோட்டிலேயே இது வருகிறது. விரையில் தொடங்கிப் பரவியதா, நெஞ்சிலேயே தொடங்கியதா என்று தெரிய அந்த ஸ்கேன் வேண்டும். தம்பி செய்த எதனாலும் இது வரவில்லை, அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஏஎஃப்பி என்பது கருவில் இருக்கும் குழந்தை சுரக்கும் புரதம், இந்த வகைக் கட்டிகள் சிலவும் அதைச் சுரக்கும். இன்னொன்று பீட்டா எச்சிஜி, கர்ப்பப் பரிசோதனையில் பார்ப்பார்களே அதேதான். சிகிச்சை வேலை செய்தால் ஏஎஃப்பி சுமார் 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைய வேண்டும், எச்சிஜி இன்னும் வேகமாக இறங்கும். ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, குணமாகுமா? 1974-ல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டின மருந்தை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். அதுவரை பரவிவிட்டால் பெரும்பாலும் உயிரைப் பறித்த விரைப் புற்றுநோய் குணமாக ஆரம்பித்தது. ஜெர்ம் செல் புற்றுநோயில் செமினோமா என்ற வகை நெஞ்சில் வந்தாலும் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால் ஏஎஃப்பி கூடியிருந்தால் அது வெறும் செமினோமாவாக இருக்காது, நெஞ்சில் வரும் மற்ற வகைகள் கடினமானவை, அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தருவார்கள், குணமானவர்கள் இருக்கிறார்கள். கீமோவுக்கு அப்புறம் மிச்சமிருக்கும் கட்டியை அறுவை செய்து எடுக்க வேண்டியிருக்கும். கீமோவில் சேர்க்கும் பிளியோமைசின் என்ற மருந்து நுரையீரலைப் பாதிக்கக்கூடியது, நெஞ்சு ஆபரேஷன் வரப்போகிறது என்றால் அதற்குப் பதில் வேறு மருந்து தரலாமா என்று யோசிப்பார்கள். இத்தனை கணக்கு இருப்பதால், இந்த நோயை அடிக்கடி பார்க்கும் மருத்துவமனைக்கே போங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்: முதல் கீமோவுக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். அவசரத்தில் டாக்டரே மறந்துவிடலாம், தம்பி கூச்சத்தில் கேட்க மாட்டார். அக்கா நீங்கள் கேட்டால் தப்பே இல்லை.

கேள்வி: 17 வயது மகளுக்கு ஒரு சினைப்பையில் டிஸ்ஜெர்மினோமா. கர்ப்பப்பையையும் எடுத்துவிடுவார்களா?

பதில்: மேலே சொன்ன செமினோமாவின் சினைப்பை வடிவம்தான் இது, கீமோவுக்கு நன்றாகவே கட்டுப்படும். இந்த வயதில் பெரும்பாலும் பாதித்த சினைப்பையை மட்டும் எடுத்துவிட்டு, கர்ப்பப்பையையும் மற்ற சினைப்பையையும் விட்டுவைப்பார்கள். கீமோ கொடுக்கும்போது மாதவிடாய் நின்றாலும் பலருக்கு முடிந்ததும் திரும்ப வந்துவிடும். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் எதை எடுக்கப்போகிறீர்கள், எதை விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.