வேகவைத்த அன்னாசியும் முட்டைக் கஸ்டர்டும்: கசப்பு எங்கிருந்து வந்தது?

கேள்வி: நத்தாருக்கு அன்னாசியைச் சீனிப்பாகில் வேகவைத்து, வீட்டிலேயே முட்டைக் கஸ்டர்ட் காய்ச்சி ஊற்றினேன். முதல் தடவை கஸ்டர்ட் திரைந்துபோனது. இரண்டாம் தடவை ஒரு கரண்டி கோர்ன்ஃபிளவர் சேர்த்து, திரைந்துவிடுமோ என்ற பயத்தில் கெட்டிப்பட்டதுமே இறக்கினேன். நன்றாகத்தான் இருந்தது. அன்னாசியோடு கலந்து பிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் தண்ணீராகி, கசப்பும் தட்டியது. அன்னாசியை ஐந்து நிமிடமாவது சூடாக்கியிருப்பேன். எங்கே பிழை? — வாசகி, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: கசப்புக்குக் காரணம் அன்னாசி. தண்ணீரானதற்கு அன்னாசியோடு முட்டையும் காரணம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் சூடு.

பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதியம் இருக்கிறது. அது புரதத்தை வெட்டும். பாலின் புரதம் துண்டு துண்டாகும்போது கசப்பு வரும், பிடிப்பும் தளரும். நன்றாகக் கொதித்தால் இந்த நொதியம் செத்துவிடும். ரின்னில் வரும் அன்னாசி பாலோடு சண்டை பிடிக்காததும் இதனால்தான், அது ஏற்கெனவே சூடாக்கப்பட்டது. நீங்கள் ஐந்து நிமிடம் சூடாக்கியபோது பாகு கொதித்திருக்கலாம், பெரிய துண்டுகளின் நடுப்பகுதி வெந்திருக்காது. நடுத்தண்டை நீக்காமல் விட்டிருந்தால் சந்தேகமே இல்லை.

இனி இப்படிச் செய்யுங்கள். தோலும் தண்டும் நீக்கிய அன்னாசி அரைக் கிலோ, விரல் அகலத் துண்டுகளாக. சீனி நான்கு மேசைக்கரண்டி, தண்ணீர் கால் கோப்பை, கறுவாப்பட்டை ஒரு துண்டு, கராம்பு மூன்று, உப்பு ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடி, கொதி வந்த பிறகு பத்து நிமிடம் வேகவிடுங்கள். அப்புறம் மூடியைத் திறந்து, பாகு சுண்டும்வரை இன்னும் ஐந்து நிமிடம். அன்னாசியே நிறைய நீர் விடும், அதனால் தண்ணீரைக் கூட்ட வேண்டாம். சீனியைத் தொடக்கத்திலேயே போடுவதில் ஒரு நன்மை உண்டு: பாகில் வேகும் பழம் உருக்குலையாமல் நிற்கும். வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கடைசியில் சீனி போட்டால் மசிந்துவிடும். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி சில துளி விட்டால் இனிப்பு திகட்டாது.

இப்போது கஸ்டர்ட். முட்டை மஞ்சட்கரு மட்டும் சேர்த்துக் காய்ச்சினால் 80 பாகை செல்சியஸ் தாண்டும் அளவில் கெட்டிப்படும், 85-ஐத் தாண்டினால் திரையும். இடைவெளி அவ்வளவு சின்னது. முதல் தடவை உங்களுக்கு நடந்தது இதுதான். கோர்ன்ஃபிளவர் சேர்த்தால் கதை மாறும். அந்த மாப்பொருள் முட்டைப் புரதத்தைச் சட்டென்று திரள விடாது, ஆகவே கொதிக்க விடலாம். கொதிக்க விடத்தான் வேண்டும். மஞ்சட்கருவில் அமைலேஸ் என்ற நொதியம் இருக்கிறது, மாப்பொருளைக் கரைப்பது அதன் வேலை. கெட்டிப்பட்டதும் இறக்கினால் அது உயிரோடு இருந்து, இரவு முழுக்க பிரிட்ஜுக்குள் கஸ்டர்டைத் தண்ணீராக்கிவிடும். பலர் பிரிட்ஜைக் குறை சொல்வார்கள். குற்றம் அடுப்பை அவசரமாக நிறுத்தியதில் இருக்கிறது.

அரை லீற்றர் பசுப்பாலுக்கு நான்கு மஞ்சட்கரு, நான்கு மேசைக்கரண்டி சீனி, ஒரு மட்ட மேசைக்கரண்டி கோர்ன்ஃபிளவர். எருமைப்பால் கிடைத்தால் மூன்று மஞ்சட்கரு போதும், அதில் கொழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பால்மா என்றால் சற்றுக் கெட்டியாகக் கரையுங்கள். மஞ்சட்கரு, சீனி, மா மூன்றையும் கட்டியில்லாமல் அடித்து வையுங்கள். பாலைக் கொதிக்கவைத்து இறக்கி, முதலில் ஓர் அகப்பைப் பாலை மெல்லிய தாரையாக முட்டையில் விட்டு, நிறுத்தாமல் அடியுங்கள். அப்புறம் மீதியையும் விட்டு, எல்லாவற்றையும் அடிகனத்த சட்டியில் ஊற்றி மெல்லிய தீயில் கிளறுங்கள். அகப்பை அடியையும் மூலைகளையும் வழித்துக்கொண்டே இருக்கட்டும். மேலே மிதக்கும் நுரையைப் பாருங்கள்: கெட்டிப்படப் போகும்போது அது தானாக அடங்கும், ஆவி கூடும். அதன்பின் நடுவிலே 'பொளக் பொளக்' என்று குமிழி வரும். அது வந்து ஒரு நிமிடம் முழுதாகக் கிளறிய பிறகே இறக்குங்கள். சூட்டோடு அரிதட்டில் வடித்து, ஒரு தேக்கரண்டி வனிலா விடுங்கள். முட்டை வெடுக்கு பிடிக்காதவர்கள் இரண்டு ஏலக்காயைப் பாலோடு கொதிக்க விடலாம். ஆடை படியாமல் இருக்க, மேலே ஒட்டினாற்போல் பொலித்தீன் தாள் போடுங்கள்.

மா சேர்க்காமல்தான் வேண்டும் என்பவர்கள் நேரடித் தீயில் வைக்க வேண்டாம். காத்தான்குடிப் பக்கம் வட்டிலப்பம் அவிக்கிறவர்கள் ஆவியையே நம்புவது போல, கொதிநீர்ச் சட்டியின் மேல் கிண்ணத்தை வைத்துக் கிளறுங்கள். அகப்பையின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும், அதுதான் இறக்கும் நேரம். லேசாகத் திரையத் தொடங்கினால் உடனே குளிர்நீரில் சட்டியை வைத்து அடித்து வடித்தால் தப்பும். முட்டைப்பொரியல் மாதிரி ஆகிவிட்டால் தப்பாது.

முட்டை சாப்பிடாதவர் வீட்டில் இருந்தால் கஸ்டர்ட் பவுடர் நல்ல வழி. அதில் முட்டையே இல்லை. 1837இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அல்ஃப்ரெட் பேர்ட் அதைச் செய்ததே முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகத்தான்.

மாம்பழத்தில் இந்த நொதியத் தொல்லை இல்லை. சற்று இறுக்கமான பழமாக எடுத்து, நான்கைந்து நிமிடம் வேகவைத்தால் போதும். பப்பாசியில் உள்ள பப்பைன், புரோமலைனைவிடச் சூட்டைத் தாங்கும், அரைவேக்காட்டில் விடாதீர்கள். அம்பரெல்லா புளிப்பு, சீனி கூட வேண்டும், இருபது நிமிடமாவது பிடிக்கும்.

பழத்தையும் கஸ்டர்டையும் தனித்தனியாக ஆறவிட்டு, தனித்தனிப் பாத்திரத்தில் பிரிட்ஜில் வையுங்கள். பரிமாறும்போது மட்டும் சேர்த்து, மேலே வறுத்த கஜு தூவுங்கள். நம் ஊர் வெக்கைக்கு முட்டைக் கஸ்டர்டை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மேசையில் வைக்காதீர்கள். பிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், கரண்ட் நீண்டநேரம் போனால் அந்தக் கணக்கு செல்லாது.