வாசிகசாலைச் சுவரில் எழுத எத்தனை அனுமதி வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர் கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. வாசிகசாலைச் சுவரில் கரும்பலகைப் பூச்சுப் பூசி, ‘எங்கள் ஊருக்கு முதலில் வேண்டியது...’ என்ற வரியை எழுதிவைத்து, மீதியை ஊரவர் வெண்கட்டியால் நிரப்பும்படி செய்யச் சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் தீர்மானித்திருக்கின்றன. பிரதேச சபை, பொலிஸ், பிரதேச செயலகம் ஆகிய மூன்று இடத்திலும் அனுமதி எடுத்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அவர் விற்கும் மூன்று அனுமதிகளில் ஒன்று அனுமதியே அல்ல. பொலிஸ் நிலையத்துக்குக் கடிதத்தின் பிரதியொன்றைக் கொடுத்து வைப்பது நல்லது. அது தகவல் மட்டுமே. உங்களுக்கு உண்மையில் வேண்டியது சுவருக்கு உரியவரின் எழுத்துமூலச் சம்மதம். கட்டடம் பிரதேச சபையின் பொறுப்பிலிருந்தால் சபைச் செயலாளருக்கு எழுதுங்கள். சனசமூக நிலையத்துக்கே சொந்தமென்றால் நிர்வாகக் கூட்டத் தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் பதிந்து வையுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. வன்னியில் பல பொதுக் கட்டடங்கள், யாரோ ஒருவர் வாய்ச்சொல்லால் விட்டுக்கொடுத்த காணியில் நிற்கின்றன. அந்தக் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால், சுவரை ஊர் கட்டியிருந்தாலும் நிலம் அரசினுடையது. அனுமதிப்பத்திரக்காரர் இறந்து, பின்னுரித்தாளரின் பெயருக்கு இன்னும் மாற்றப்படாமல் இருந்தால் சம்மதம் தரவேண்டியவர் யார் என்பதே தகராறாகும். ஆகவே முதலில் கிராம அலுவலரிடம் காணியின் நிலையைக் கேட்டு, அனுமதிப்பத்திரக் காணியென்றால் குடும்பத்தார் எல்லோரும் கையொப்பமிட்ட கடிதத்தைப் பிரதேச செயலகக் காணிக் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் பிரதியில் வாங்குங்கள். பூச்சு காய்ந்த பிறகு மருமகன் ஒருவர் வந்து வழக்குப் பேசிய சுவரை நான் பார்த்திருக்கிறேன்.

சபை பதில் எழுதத் தாமதிக்கும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டியதில்லை. 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லாமல் சபைகளை நடத்திய நாடு இது. ஒரு சுவருக்கான கடிதம் அங்கே யாருக்கு அவசரம்? தரகர்கள் பிழைப்பது இந்தத் தாமதத்தில்தான். ‘உள்ளே ஆளிருக்கிறது’ என்பவருக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பதிலாக, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும்.

பெயின்ற் இலவசமாகத் தருகிறோம் என்று வருபவர்களிடமும் அவதானமாக இருங்கள். ஒரு கிணற்றுக்கு மூன்று நிறுவனங்கள் பெயர்ப்பலகை நட்ட மண் இது. அவர்கள் நீட்டும் தாளில் ‘ஆக்கத்தின் சகல உரிமைகளும்’ என்ற சொற்றொடர் இருந்தால் கையொப்பமிடாதீர்கள். ஆக்கத்தின் பொருளாதார உரிமை கைமாறினாலும், ஆக்கியவரின் பெயர் குறிப்பிடப்படும் உரிமை அவரிடமே இருக்கும் என்று 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதை நிலைநாட்ட நீங்கள் கொழும்புக்கு அலைய வேண்டிவரும்.

இத்தகைய சுவரை 2011இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சில், கைவிடப்பட்ட வீடொன்றில் கான்டி சாங் என்ற கலைஞர் தொடங்கினார். வீட்டு உரிமையாளர், அயலவர், நகர அலுவலகங்கள் என எல்லோருடைய சம்மதத்தையும் பெற்ற பின்னரே அவர் பூச்சுப் பூசினார். மறுநாளே சுவர் நிரம்பிவிட்டது. அங்கே கேட்கப்பட்டது, இறப்பதற்கு முன் ஒருவர் செய்ய விரும்புவது என்ன என்பது. நீங்கள் கேட்பது ஊரின் தேவை. அதனால் உங்கள் சுவருக்கு ஒரு காலக்கெடு உண்டு. அடுத்த ஆண்டுக்கான பாதீட்டைச் சபை ஆண்டிறுதியில்தான் நிறைவேற்றும்; ஐப்பசி, கார்த்திகை மழையோ ஒரே இரவில் வெண்கட்டி எழுத்தைக் கழுவிவிடும். ஆகவே ஆனி, ஆடியில் தொடங்குங்கள். அப்போது தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றின் புழுதி எழுத்தை மங்கச் செய்யுமே தவிர அழிக்காது. சுவரைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன் மாதர் சங்கச் செயலாளர் எல்லா வரிகளையும் ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதட்டும். புரட்டாசிக்குள் அந்தக் கொப்பியின் பிரதி தவிசாளரின் மேசையில் இருக்க வேண்டும்.