ரேஷன் பருப்பும் பருத்திப்பாலும்: புரதம் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

வணக்கம். உணவுப் பதப்படுத்துதல் படிச்சுட்டு, திருமங்கலம் பக்கம் சின்னதா ஒரு பருப்பு மில் நடத்துறேன். பருப்பு விக்கிறவ பருப்பைத்தானே உசத்திச் சொல்லுவா என்று யாருக்கும் தோணலாம். அதனால கணக்கை எல்லாம் திறந்தே போட்டிருக்கேன், நீங்களே போட்டுப் பாத்துக்குங்க. பெருகிக்கிட்டே போற ஜனத்துக்கு, மண்ணையும் தண்ணியையும் கெடுக்காம புரதம் எங்கிருந்து வரும் என்பதுதான் இந்தத் தடவை எடுத்துக்கிட்ட விஷயம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துட்டேன்.

கேள்வி (திருப்பரங்குன்றம்): அக்கா, எங்க வீட்ல நாலு பேர். தினமும் சாம்பார் வைக்கிறேன். ரேஷன் பருப்பே மாசம் முழுக்க வந்துருது. புரதத்துக்கு அது போதாதா?

பதில்: போதாதும்மா. ரேஷன்ல கார்டுக்கு 1 கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய்க்குக் கொடுக்கிறாங்க. நல்ல திட்டம், அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா அந்த 1 கிலோவுல இருக்கிற புரதம் ஏறக்குறைய 220 கிராம். நாலு பேருக்கு, முப்பது நாளைக்குப் பிரிச்சுப் பாருங்க: ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம்கூட வராது.

தேவை எவ்வளவு? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்றது, உடம்பு எடையில கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ இருக்கிறவங்களுக்கு 50 கிராம். நாளைக்கு 300 கிராம் அரிசி சமைச்சுச் சாப்பிட்டா அதுலயே 22 கிராம் போல வந்துரும். ஆனா அரிசிப் புரதத்துல லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்புல லைசின் நிறைய, மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு. ஒண்ணோட குறையை இன்னொண்ணு அடைக்கும். அதுக்கு பருப்பு தட்டுல கண்ணுக்குத் தெரியிற அளவு இருக்கணுமே! நம்ம சாம்பார்ல பருப்பு நிறத்துக்குத்தான் இருக்கு.

அதே நிறுவனத்தோட வழிகாட்டுதல்ல பருப்பு, பயறுக்கு ஒரு ஆளுக்கு நாளைக்கு 85 கிராம் வைக்கிறாங்க. முட்டை, மீன், கறி சேர்க்கிறவங்களுக்கு அதுல ஒரு பங்கு குறையும். அந்தக் கணக்குப்படி நாலு பேருக்கு மாசம் 10 கிலோ ஆகும்; எங்க வீட்டுல அதுல பாதி, 5 கிலோ, எல்லாப் பயறும் சேர்த்து. துவரையிலேயே 5 கிலோ வாங்கினா கட்டுபடியாகாது. கொள்ளு, தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறுன்னு மாத்தி மாத்தி வாங்குங்க. காலையில சட்னிக்குத் தேங்காயைப் பாதியாக் குறைச்சுப் பொரிகடலையும் நிலக்கடலையும் கூட்டுங்க. சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல். வாரத்துல மூணு நாள் சாம்பாரை விட்டுட்டுக் கட்டிப் பருப்புக் கடைஞ்சு நெய் விட்டுப் போடுங்க, பிள்ளைங்க தானா சாப்பிடும்.

கேள்வி (அண்ணா நகர்): இட்லி வெறும் மாவுச்சத்து, அதை விடுங்கன்னு ஜிம்ல சொல்றாங்க. நிஜமா?

பதில்: 1 கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைச்சா, அரிசியில இருந்து 75 கிராம் போலவும், உளுந்துல இருந்து 60 கிராம் போலவும் புரதம் வருது. எடையில அஞ்சுல ஒரு பங்கா இருக்கிற உளுந்து, புரதத்துல நாற்பது சதவீதத்துக்கு மேல கொடுக்குது. ராத்திரி முழுக்கப் புளிக்கிறப்ப, இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டி வைக்கிற ஃபைட்டேட் குறையுது. விடவேண்டாம் தம்பி. மாவு வாங்குற கடையில உளுந்து எவ்வளவு போடுறாங்கன்னு மட்டும் கேளுங்க. ஆறுக்கு ஒண்ணு, எட்டுக்கு ஒண்ணுன்னு போட்டுச் சோடாவுல உப்ப வைக்கிற மாவும் விக்குது.

கேள்வி (சிம்மக்கல்): பாதாம் பால், ஓட்ஸ் பால்னு இப்ப ‘தாவரப் பால்’ பெருசா பேசுறாங்க. நம்ம பருத்திப்பாலும் அந்தக் கணக்குதானே? தினம் குடிச்சா புரதம் கிடைக்குமா?

பதில்: இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். மாட்டுப்பால் கலக்காம, விதையை ஊறவச்சு, அரைச்சு, பிழிஞ்சு, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சித் தள்ளுவண்டியில வச்சு விக்கிற பானத்தை, அந்தப் பேச்செல்லாம் வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடியே மதுரைத் தெருவுல குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம்.

பருத்திக்கொட்டையில புரதம் நூத்துக்கு 20க்கு மேல இருக்கு. ஆனா பிழிஞ்ச பால்ல இறங்குறது அதுல ஒரு பங்குதான், மிச்சம் சக்கையோட போயிரும். ஒரு குவளையில கூடுதலா இருக்கிறது கருப்பட்டியும் அரிசி மாவும். அதனால அதை ருசிக்கும் தெம்புக்கும் குடிங்க, புரதக் கணக்குல சேர்க்காதீங்க.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். பருத்திச் செடி பூச்சியை விரட்ட ‘காசிப்பால்’ என்ற மஞ்சள் நிறப் பொருளைத் தனக்குள்ள வச்சிருக்கு, கொட்டையிலயும் இருக்கு. அசைபோடுற மாட்டோட வயிறு அதை ஓரளவு சமாளிக்கும், அதனாலதான் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்கிறோம். மனுஷனுக்கு அளவு மீறினா ஆகாது. சீனாவுல 1970களில் இதையே ஆண்களுக்கான கருத்தடை மருந்தா சோதிச்சுப் பார்த்தாங்க. நல்லா கொதிக்க வைக்கும்போது இதுல பெரும்பகுதி புரதத்தோட ஒட்டிக்கிட்டு வீரியம் குறையுது. அதனால பச்சையா அரைச்சுக் குடிக்கவே கூடாது, எப்பவாவது ஒரு குவளை என்று வச்சுக்குங்க. விதைக் கடையில சாயம் ஏத்தி மருந்து கலந்து வர்ற விதைப்பருத்தியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீங்க.

அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல கீர்த்தி ரத்தோர் என்ற விஞ்ஞானி பல வருஷம் உழைச்சு, கொட்டையில மட்டும் காசிப்பால் மிகக் குறைவா, இலையிலும் தண்டிலும் வழக்கம்போல இருக்கிற பருத்தியை உருவாக்கினார். 2019ல் அங்கே அதை மனுஷ உணவா ஏத்துக்கிட்டாங்க. 1 கிலோ பஞ்சு எடுத்தா 1.6 கிலோ போல கொட்டை மிஞ்சும். பஞ்சுக்குன்னே விளையிற வயல்ல இருந்து, கூடுதலா ஒரு சென்ட் நிலம்கூட எடுக்காம புரதம்! மரபணு மாற்றம் நமக்கு வேணுமா என்பது தனி விவாதம். ஆனா கண்ணு முன்னால கிடக்கிறதைத் திரும்பிப் பார்க்கிற அந்த யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு.

கேள்வி (சோழவந்தான்): நெல் அறுத்ததும் நிலம் சும்மா கிடக்கு. உளுந்து போட்டா தேறுமா? எங்கப்பா காலத்துல போட்டோம், இப்ப விட்டாச்சு.

பதில்: போடுங்கண்ணே. நீங்க விட்டதுக்கும் காரணம் உண்டு. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, ஈரம் இருக்கையிலேயே நெல்லுக்குள்ள உளுந்தை விதைச்சு விடுவாங்க. கையறுப்புல அது தப்பிச்சது. இப்ப அறுப்பு மிஷின் ஏறினா முளைச்சது நசுங்கிப் போகுது. அதனால மிஷின் இறங்கினப்புறம், மண்ணுல ஈரம் காயறதுக்குள்ள விதைக்கிறது நல்லது. ஒரு தண்ணி வசதி இருந்தா இன்னும் நல்லது.

மஞ்சள் தேமலைத் தாங்குற வம்பன் 8, வம்பன் 11 போல ஒரு ரகம் எடுங்க, எழுபது நாளுக்கு ஒட்டி வந்துரும். புதுக்கோட்டை வம்பன்ல பயறுக்கென்றே ஆராய்ச்சி மையம் இருக்கு, நமக்குப் பக்கத்துல ஒத்தக்கடை வேளாண் கல்லூரி இருக்கு. விதையை ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலந்து நிழல்ல உலர்த்தி விதைங்க. பூக்கிற நேரத்துல ஏக்கருக்கு 2 கிலோ ‘பயறு ஒண்டர்’ என்ற ஊட்டக் கலவையைத் தண்ணியில கரைச்சுத் தெளிச்சா பூ உதிர்றது குறையும்.

முப்பது நாள் செடி ஒண்ணைப் பக்குவமா பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால கிள்ளிப் பாருங்க. உள்ளே ரோஸ் நிறமா இருந்தா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம், காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சுச் செடிக்குக் கொடுக்குது. அடுத்த நெல்லுக்கு யூரியா மூட்டையிலயும் கொஞ்சம் குறைக்கலாம். நம்ம நாடு உளுந்தை மியான்மர்ல இருந்தும், துவரையை மொசாம்பிக், தான்சானியாவுல இருந்தும் கப்பல்ல இறக்குது. வைகைப் பாசனத்துல எழுபது நாள் சும்மா கிடக்கிற நிலத்தைப் பாக்கிறப்ப எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது.

கேள்வி (கல்லூரி மாணவி, நாகமலை): ஆய்வகத்துல வளர்க்கிற கறி, செடியில செய்யிற பர்கர் இதெல்லாம் இங்க வருமா மேடம்?

பதில்: ரெண்டும் வேற வேற. மாட்டோட செல்லை எடுத்துத் தொட்டியில வளர்க்கிற கறியை 2013ல் லண்டன்ல மார்க் போஸ்ட் என்ற நெதர்லாந்து விஞ்ஞானி முதன்முதலா சமைக்க வச்சுக் காட்டினார். இதே மாதிரி செல்லுல வளர்த்த கோழிக்கறியை 2020ல் சிங்கப்பூர் விற்பனைக்கு அனுமதிச்சது, 2023ல் அமெரிக்கா. விலையும், அந்தத் தொட்டிகளுக்கு ஆகிற மின்சாரமும் இன்னும் பெரிய தடை.

செடி பர்கர்ல ஒரு அதிசயம் இருக்கு. இம்பாசிபிள் என்ற அமெரிக்க நிறுவனத்தோட பர்கர் சிவப்பா, கறி வாசனையா இருக்கக் காரணம் சோயா வேர் முடிச்சுல இருக்கிற ஒரு புரதம். மேலே சோழவந்தான் அண்ணனைக் கிள்ளிப் பாக்கச் சொன்னேனே, அந்த ரோஸ் நிறத்தைக் கொடுக்கிற லெக்ஹீமோகுளோபின் குடும்பம்தான் அது. அதோட ஜீனை ஈஸ்ட்டுக்குள்ள வச்சுப் பெருக்கி எடுக்கிறாங்க. நீ இந்தத் துறைக்கு வர ஆசைப்பட்டா வா, கொள்ளுலயும் தட்டாம்பயறுலயும் இந்த மாதிரி செடிக் கறியைச் செஞ்சு பாக்க ஆள் வேணும்.

கேள்வி (மேலூர்): கிடா வெட்டிப் படைக்கிற ஊர்ல வந்து கறியை விடச் சொல்றீங்களா?

பதில்: சொல்லலைங்கய்யா. 2018ல் வந்த ஒரு பெரிய உலக ஆய்வுல, 100 கிராம் புரதத்துக்கு வெளியாகிற கரிவாயுக் கணக்கைப் போட்டாங்க. கறிக்குன்னே வளர்க்கிற மாட்டுக்குச் சராசரி 50 கிலோ, ஆட்டுக்கறிக்கு 20, கோழிக்கு 5.7, முட்டைக்கு 4.2, பயறுக்கு 0.8. இது உலகச் சராசரி. அறுத்த வயல்ல கிடை போட்டு, புழுக்கையை உரமா விட்டுட்டுப் போற நம்ம ஆட்டை இந்த ஒரு எண்ணுக்குள்ள அடைக்க முடியாது. சாமிக்கு வெட்டுறதைச் சாப்பிடுங்க. நான் யோசிக்கச் சொல்றது தினப்படி பிராய்லரை. அது தின்கிறதே மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான். பயறைக் கோழிக்குப் போட்டு, கோழியை நாம சாப்பிடறப்ப நடுவுல பெரும்பங்கு போயிருது.

சின்னக் கேள்விகள் சில:

மீல்மேக்கர் ஆண்களுக்கு ஆகாதா? ஆகும். எண்ணெய் எடுத்த சோயா மாவுதான் அது. காய்ந்த 30 கிராம்ல 15 கிராம் புரதம். ஆண் ஹார்மோனைக் குறைக்குதுன்னு ஆய்வுகள் காட்டலை. தைராய்டு மாத்திரை போடுறவங்க மாத்திரைக்கும் இதுக்கும் சில மணி நேரம் இடைவெளி விடுங்க.

காளான்? ருசியானது, நல்லது. ஆனா பச்சைக் காளான்ல பெரும்பகுதி தண்ணி. 100 கிராமுக்கு 3 கிராம் புரதம்தான்.

சுருள்பாசி மாத்திரையில பி12 கிடைக்குமா? கிடைக்காது. அதுல இருக்கிறதுல பெரும்பகுதி நம்ம உடம்பு எடுத்துக்க முடியாத போலி பி12. முழு சைவமா, பாலும் இல்லாம இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுத் தனியா எடுத்துத்தான் ஆகணும்.

பூச்சியைத் தின்னச் சொல்வாங்களாமே? மழைக்கு அப்புறம் விளக்கு வச்சு ஈசல் பிடிச்சு, அரிசியும் பொரிகடலையும் சேர்த்து வறுத்துத் தின்ன ஊர்க்காரங்க நாம. அருவருக்க ஒண்ணும் இல்லை.

பயறு சாப்பிட்டா வாயுத் தொல்லை? ராத்திரி ஊறவச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிருங்க, முளைகட்டுங்க, நல்லா குழைய வேக வைங்க. ஒரே நாள்ல ஒரு கிண்ணத்துக்குத் தாவாம கைப்பிடியில ஆரம்பிங்க.

கேள்வி (உசிலம்பட்டி): அப்பாவுக்கு 74 வயசு. பல்லு இல்லை. ரசஞ்சோறும் மோர்ச்சோறும்தான் இறங்குது. கால் சூம்பிக்கிட்டே போகுது. என்ன கொடுக்கலாம்?

பதில்: முதல்ல ரத்தத்துல கிரியேட்டினின் பாத்துருங்க. சிறுநீரகத்துல பிரச்சினை இருந்தா டாக்டர் சொல்ற அளவுதான். அது சரியா இருந்தா, ரசஞ்சோறு மட்டும் காணாது. வயசாக ஆக உக்காந்தே இருந்தா தசை கரையும், புரதத் தேவை மட்டும் குறையாது.

தொலி உளுந்து முக்கால் பங்கு, பச்சரிசி கால் பங்கு, கொஞ்சம் வெந்தயம், நாலு பல்லு பூண்டு போட்டுக் குக்கர்ல அஞ்சாறு விசில் விடுங்க. மத்துல கடைஞ்சு, தேங்காய்ப்பாலும் கருப்பட்டிப் பாகும் ஊத்துங்க. சர்க்கரை இருந்தா கருப்பட்டியை விட்டுட்டு உப்பும் சீரகமும் போடுங்க. காலையில ஒரு டம்ளர். மதியம் மோர்ச்சோத்துக்கு முன்னாடி நாலு கரண்டி கட்டிப் பருப்பு, நெய் விட்டுப் பிசைஞ்சு. முட்டை சாப்பிடுவார்னா ஒண்ணு, கலக்கி மாதிரி. சாப்பிட்ட அரை மணி கழிச்சுத் திண்ணையைப் பிடிச்சுக்கிட்டாவது பத்துத் தடவை உக்காந்து எந்திரிக்கச் சொல்லுங்க, நீங்க கூட நில்லுங்க.