பெயர் என்ற கட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜனநாயகம் வளர்ந்ததில் அரசியலமைப்புச் சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு என்று எழுதியிருந்தீர்கள். ஜனநாயகம் மக்களின் பழக்கத்தில் அல்லவா ஊற வேண்டும்? சாதியும் ஆணாதிக்கமும் வேரோடிய சமூகத்தில் ஒரு புத்தகம் எதைச் சாதித்துவிடும்?

ச.

அன்புள்ள ச.,

பழக்கத்தில் ஊற வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். அந்தப் பழக்கத்தை யார் தொடங்கிவைத்தது என்பதில்தான் உங்களிடமிருந்து விலகுகிறேன்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் சொத்தோ வரியோ படிப்போ உள்ளவர்களுக்கே பெரும்பாலும் வாக்கு இருந்தது. புதிய அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு, 21 வயது நிறைந்த அனைவருக்கும் அதை அளித்தது. அன்று எழுத்தறிந்தவர்கள் 100க்கு 18 பேர்தான். 325ஆம் பிரிவோ, மதம், இனம், சாதி, பால் எதையும் காட்டி ஒருவரை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கக் கூடாது என்றது.

இதன் பொருள் வீட்டு வாசலில்தான் தெரிந்தது. முதல் பொதுத் தேர்தலுக்காகப் பட்டியல் எடுக்க வந்தவரின் தாளில் குடும்பத்துக்கு ஒரு வரி அல்ல, ஆளுக்கு ஒரு வரி. பெயர் கேட்டபோது, வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டுமே பதிவானார்கள். (அன்று நம் பக்கத்துப் பெண்களுக்குக் கணவன் பெயரைச் சொல்லத்தான் கூச்சம், அங்கே தம் பெயரையே அந்நியரிடம் சொன்னதில்லை.) முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் தராதவர்களை நீக்கச் சொன்னார். ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேர் அவ்வாறு விடுபட்டார்கள்.

வீட்டாரின் வழக்கத்துக்காக அந்தப் பெண்களைத் தண்டித்தது கொடுமைதான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால், ஒரு பெண்ணின் பெயர் அரசுக்குத் தேவைப்படுகிறது என்ற செய்தியை அத்தனை வாசல்களுக்கும் கொண்டுபோனது எந்தப் பழக்கமும் அல்ல, நீங்கள் சொல்லும் அந்தப் புத்தகம்தான்.

அதன் எல்லையும் அதை எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப்போகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். உங்கள் ஐயம் அந்த உரையிலேயே இருக்கிறது.

சென் தம் முடிவுக்காக வருந்தியதாகத் தெரியவில்லை. பெயர்கள் விடுபட்டதால் எழுந்த கூச்சல் நல்லதே, அடுத்த தேர்தலுக்குள் அந்தத் தயக்கம் மறைய அது உதவும் என்றே அவர் கருதினார்.