யாருக்கு எத்தனை பந்து? ஃபேன்டஸி டிராஃப்டுக்கு முன் ரிசீவர் கேள்வி பதில்

2025 ஆகஸ்டில் எழுதிய கேள்வி பதில் இது; 'போன வருஷம்' என்றால் 2024. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் 2025 சீசன் செப்டம்பர் 4-ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் எல்லா ஆபீஸ் ஃபேன்டஸி லீக்கிலும் டிராஃப்ட் முடிந்தாக வேண்டும், அதாவது நிஜ ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுத்து நம் டீமை அமைத்தாக வேண்டும்; அவர்கள் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி. இந்த ஒரு வாரத்தில் வந்து குவிந்த கேள்விகளில் முக்கால்வாசி வைட் ரிசீவர்களை, அதாவது எறிந்த பந்தை ஓடிப் பிடிப்பவர்களைப் பற்றியவை. மற்ற கேள்விகளை அடுத்த வாரம் வைத்துக்கொள்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 14 வருஷம் ஆடியதில் மூன்று முறை கோப்பை, இரண்டு முறை கடைசி இடம். அதற்கேற்ற அளவுக்கு நம்புங்கள்.

கேள்வி: அண்ணா, டீம்ல எல்லாரும் சேர்ந்து இழுத்து விட்டுட்டாங்க. எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஒரு ரிசீவர் தேறுவாரா மாட்டாரான்னு எதை வெச்சு பார்க்கறது? (சார்லட்டிலிருந்து)

கிரிக்கெட் தெரிந்தால் போதும் தம்பி. ஒரு பேட்ஸ்மேனைப் பற்றி முதலில் என்ன கேட்பாய்? எத்தனையாவதாக இறங்குகிறார், எத்தனை பந்து கிடைக்கும் என்றுதானே? இங்கே அதற்குப் பெயர் டார்கெட். டீமுக்காகப் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக்; அவர் ஒரு ரிசீவரை நோக்கி எறியும் ஒவ்வொரு பந்தும் ஒரு டார்கெட். பிடித்தாலும் விட்டாலும் கணக்கு. 2021-இல் ராம்ஸ் டீமின் கூப்பர் கப் 145 கேட்ச், 1,947 யார்டு (பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம்), 16 டச்டவுன் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) என்று ஆடிக் காட்டினாரே, அவரை நோக்கி எறியப்பட்டவை 191. ஏழாவதாக இறங்கி ஆறு பந்தில் மூன்று சிக்ஸர் அடிப்பவனைப் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் 17 வாரம் உனக்குச் சோறு போடப்போகிறவன் தொடக்க ஆட்டக்காரன்தான்.

நான் வரிசை எழுதும்போது முதலில் ஆட்டக்காரன் பெயரை எழுதுவதில்லை. ஒரு ஆட்டத்துக்கு எத்தனை டார்கெட், எறிவது யார், அதே பந்துக்கு அந்த டீமில் இன்னும் எத்தனை பேர் கை நீட்டுகிறார்கள், இந்த மூன்றையும் எழுதிவிட்டுத்தான் பெயரைப் போடுவேன்.

கேள்வி: எங்கள் லீக்கில் கேட்சுக்குப் புள்ளி கிடையாது. இணையத்தில் கிடைக்கும் வரிசை எல்லாம் பிபிஆர் (கேட்சுக்கு ஒரு புள்ளி) கணக்கில் இருக்கிறது. பெரிய வித்தியாசம் வருமா?

வரும். கையோடு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷத்து புதுமுகங்கள் இரண்டு பேர். நியூயார்க் ஜயண்ட்ஸின் மலிக் நேபர்ஸ் 109 கேட்ச், 1,204 யார்டு, 7 டச்டவுன். ஜாக்சன்வில்லின் பிரையன் தாமஸ் ஜூனியர் 87 கேட்ச், 1,282 யார்டு, 10 டச்டவுன். பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு ஆறு. இது எல்லா லீக்கிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கேட்சுக்கு ஒரு புள்ளி தரும் பிபிஆரில் நேபர்ஸ் 271.4, தாமஸ் 275.2. தட்டு ஏறக்குறைய சமம். அரைப் புள்ளி லீக்கில் 216.9-க்கு 231.7. கேட்சுக்கு எதுவுமே தராத உங்கள் லீக்கிலோ 162.4-க்கு 188.2. நாலு புள்ளிகூட இல்லாத இடைவெளி 26 புள்ளியாக விரிகிறது. ஆட்டம் அதேதான், ஆட்டக்காரர்களும் அவர்களேதான். மாறியது உங்கள் லீக்கின் விதி மட்டும்.

அதனால் அடுத்தவர் போட்ட வரிசையை அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள். லீக் செட்டிங்ஸைத் திறந்து, கேட்சுக்கு எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை. நான் முதல் வருஷம் இதைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். மேலே சொன்ன இரண்டு கடைசி இடங்களில் ஒன்று அந்த வருஷத்தது.

கேள்வி: சுற்றி வளைக்காமல் உங்கள் வரிசையைச் சொல்லுங்கள் சார்.

சரி, முழு பிபிஆர் கணக்கில்.

சேஸ் தனி. சின்சினாட்டியின் ஜமார் சேஸ் போன வருஷம் 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச்டவுன். மூன்றிலும் என்எஃப்எல்லிலேயே முதலிடம். எறிபவர் ஜோ பர்ரோ. எல்எஸ்யூ கல்லூரிக் காலத்திலிருந்தே இருவரும் ஜோடி. முதல் இடம் உங்களுக்கு விழுந்தால் யோசிக்காமல் அவரை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

அடுத்த அடுக்கில் ஐந்து பேர்: ஜஸ்டின் ஜெஃபர்சன், சீடீ லாம்ப், நேபர்ஸ், பூக்கா நாகுவா, ஆமோன்-ரா செயின்ட் பிரவுன். இவர்களுக்குள் யார் முந்தி யார் பிந்தி என்று சண்டை போட எனக்கு விருப்பமில்லை. போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் நேபர்ஸை ஊரார் வைப்பதைவிட ஒரு படி மேலே வைப்பேன். போன வருஷம் 15 ஆட்டத்தில் 170 டார்கெட். ஒரு ஆட்டத்துக்குப் பதினொன்றைத் தாண்டுகிறது. சேஸுக்கே 17 ஆட்டத்தில் 175 தான். அதுவும் ஜயண்ட்ஸில் யார் யாரோ வந்து எறிந்த வருஷத்தில். இப்போது ரஸ்ஸல் வில்சன் வந்திருக்கிறார். வயதானவர்தான், ஆனாலும் தூக்கி எறிய அஞ்சாதவர்.

லாம்ப் போன வருஷம் 1,194 யார்டோடு நின்றதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். டல்லஸில் அவருக்கு எறியும் டாக் பிரெஸ்காட் பாதி சீசன் காயத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தைய வருஷம் இதே ஜோடி 135 கேட்ச், 1,749 யார்டு. செயின்ட் பிரவுனுக்கு மட்டும் ஒரு சின்னக் கேள்விக்குறி: டெட்ராய்ட்டின் ஆட்டத் திட்டங்களை வகுத்த பென் ஜான்சன் சிகாகோவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார்.

மூன்றாவது அடுக்கு: நிகோ காலின்ஸ், பிரையன் தாமஸ், ஏ.ஜே. பிரவுன், டிரேக் லண்டன், லாட் மெக்கான்கி, டீ ஹிக்கின்ஸ். அதற்குக் கீழே தரை சமமாகிவிடும். 20-ஆவது ஆளுக்கும் 30-ஆவது ஆளுக்கும் நடுவில் நான் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை.

கேள்வி: ஜெஃபர்சனுக்குப் புது குவார்ட்டர்பேக். மெக்கார்த்தி இன்னும் ஒரு என்எஃப்எல் ஆட்டம்கூட ஆடாத பையன். அவரை நம்பி முதல் ரவுண்டா?

நியாயமான பயம். போன வருஷம் முழுக்க முழங்கால் காயத்தில் போனது மெக்கார்த்திக்கு. அவருக்குப் பதிலாக ஆடி 35 டச்டவுன் எறிந்த சாம் டார்னால்டோ சியாட்டிலுக்குப் போய்விட்டார். ஆனாலும் ஜெஃபர்சனின் 2023-ஐ எடுத்துப் பாருங்கள். அவருக்கே தொடைத் தசைக் காயம், அப்போது எறிந்த கர்க் கசின்ஸுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது, டீமே தள்ளாடியது. ஆடியது 10 ஆட்டம். எடுத்தது 1,074 யார்டு. லீக்குக்கு வந்த நாளிலிருந்து ஒரு சீசனில்கூட அவர் ஆயிரத்துக்குக் கீழே போனதில்லை. நான் எடுப்பேன். ஆனால் இரண்டாவதாக இல்லை, அந்த ஐந்து பேரில் நாலாவதாக.

கேள்வி: டெர்ரி மெக்லாரின் போன வருஷம் 13 டச்டவுன் அடிச்சார். எல்லாரும் ஏன் அவரைக் கீழே இறக்குறாங்க? அநியாயம் இல்லையா? (மேரிலாந்து, வாஷிங்டன் ரசிகை)

உங்கள் ஊர்ப் பையன், கோபம் புரிகிறது. ஆனால் இதைப் பாருங்கள்: 2019 முதல் 2023 வரை ஐந்து சீசன் சேர்த்து அவர் எடுத்தது 25 டச்டவுன். ஒரே வருஷத்தில் 13. குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் வந்ததால் ஒரு பகுதி நிஜமான ஏற்றம். மீதி, அதிர்ஷ்டக் காற்று.

ரிசீவர் கணக்குகளில் வருஷத்துக்கு வருஷம் அதிகம் ஆடுவது டச்டவுன்தான். 2012-இல் கால்வின் ஜான்சன் 1,964 யார்டு எடுத்தார், ஒரு சீசனில் இன்றுவரை அதுதான் சாதனை. டச்டவுன் எத்தனை தெரியுமா? ஐந்து. கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் மடக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மறு வருஷம் யார்டு 1,492-ஆகக் குறைந்தது, டச்டவுன் 12-ஆக ஏறியது. அதனால் யார்டு நிறைய, டச்டவுன் கம்மி என்று யாராவது கண்ணில் பட்டால் அவரைக் குறித்து வையுங்கள். மார்கழியில் வாங்கும் மாம்பழம் மாதிரி விலை ஏறியபின் மெக்லாரினை வாங்காதீர்கள். நாலாவது ரவுண்டில் வந்தால் தாராளமாக எடுங்கள்.

கேள்வி: புதுமுகங்களில் யாரை எடுக்கலாம்? டிராவிஸ் ஹண்டர்?

ஹண்டரைப் பார்க்க டிக்கெட் வாங்குவேன். என் டீமுக்கு எடுப்பது வேறு விஷயம். கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதான ஹெய்ஸ்மன் வாங்கியவர், நிஜ என்எஃப்எல் டிராஃப்டில் ஜாக்சன்வில் இரண்டாவது இடத்துக்கு ஏறிப்போய் எடுத்த ஆள், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் தடுப்பாட்டமும் ஆடப்போகிறார். அங்கே பந்தைத் தட்டிவிடுவதற்கு நம் லீக்கில் புள்ளி கிடையாது. கரோலினாவின் டெட்டைரோவா மெக்மில்லன் பத்திரமான பந்தயம். எனக்குப் பிடித்தவர் டாம்பாவின் எமெக்கா எக்புகா. அதே டீமின் கிறிஸ் காட்வின் கணுக்கால் காயத்திலிருந்து இன்னும் முழுதாக மீளவில்லை. அந்த இடம் காலி, பந்து போய்ச்சேர ஓர் ஆள் வேண்டும்.

காலி இடம் என்றதும் என் பாவக் கதை ஒன்று. 2023. நாகுவா என்எஃப்எல் டிராஃப்டின் ஐந்தாவது ரவுண்டில் ராம்ஸ் எடுத்த பையன். கப் தொடைக் காயத்தில் வெளியே. முதல் வாரம் நாகுவாவுக்கு 15 டார்கெட், 10 கேட்ச், 119 யார்டு. எங்கள் லீக்கில் அவர் யாரிடமும் இல்லை. அந்தச் செவ்வாய் இரவு வேய்வர் கோரிக்கையில் (யாரிடமும் இல்லாத ஆளை ஏலத்தில் கேட்பது) என்னிடம் 100 டாலர் பட்ஜெட் முழுசாக இருந்தது. 'ஒரு வாரத்துக் கூத்து' என்று சொல்லி 11 டாலர் எழுதினேன். சரி, 15 போடலாம் என்று திருத்தினேன். மறுபடி 11-க்கே வந்தேன். காலையில் பார்த்தால் ஆபீஸ் பேரோல் (சம்பளக் கணக்கு) டீமில் இருந்து ஒருவர் 34 எழுதித் தூக்கிவிட்டார். மறு வாரம் நாகுவா 15 கேட்ச் பிடித்தார். சீசன் முடிவில் 105 கேட்ச், 1,486 யார்டு. புதுமுகங்களுக்கான இரண்டு சாதனையும் உடைந்தது. அந்த 15 டார்கெட்டைப் பார்த்தேன், ஆனால் பெயர் பழகாததால் நம்பவில்லை. மேலே தம்பிக்குச் சொன்ன பாடத்தை நானே அன்றைக்குக் கேட்கவில்லை.

கேள்வி: டீம் மாறிய ரிசீவர்களைத் தொடலாமா?

மாறினாலே சறுக்குவார்கள் என்பது பழைய நம்பிக்கை. 2020-இல் ஸ்டெஃபான் டிக்ஸ் பஃபலோ போய் 127 கேட்ச், 1,535 யார்டு. 2022-இல் டைரீக் ஹில் மயாமி போய் 1,710. அதே வருஷம் ஏ.ஜே. பிரவுன் ஃபிலடெல்பியா போய் 1,496. எங்கே போகிறார், அங்கே யார் எறிகிறார் என்று பாருங்கள். இந்த வருஷம் ராம்ஸுக்குப் போன டவான்ட்டே ஆடம்ஸ் எனக்குச் சம்மதம். டல்லஸ் போன ஜார்ஜ் பிக்கென்ஸும் சம்மதம், கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தால்.

கேள்வி: வயசு? எவன்ஸ், ஹில், கப் எல்லாம் முடிஞ்ச கதையா?

மூவரையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. மைக் எவன்ஸ் 11 சீசன் தொடர்ந்து ஆயிரம் யார்டு தாண்டியவர். போன வருஷம் கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் 1,004-க்கு வந்து ஜெர்ரி ரைஸின் சாதனையைச் சமன் செய்தார். இப்போது வயது 32. நாலாவது ரவுண்டுக்கு ஓகே. ஹில்லுக்கு 31, 1,799-லிருந்து 959-க்கு இறங்கியவர், அவர் பிழைப்பே வேகம். எனக்கு வேண்டாம். சியாட்டில் போன கப்பை பெஞ்சுக்கு.

கேள்வி: பயிற்சி முகாமிலிருந்து தினம் ஒரு செய்தி வருது. எதை நம்புறது?

காயச் செய்தியை நம்புங்கள். 'அபாரமாக ஆடுகிறார்', 'பந்தைக் கோட்டை விடுகிறார்' இரண்டையும் விட்டுவிடுங்கள். 2021 ஆகஸ்டில் ஒரு புதுமுகம் முன்னோட்ட ஆட்டங்களில் பந்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைக் கோடு இதில் இல்லை, கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றார். ஊரே சிரித்தது, டிராஃப்டில் அவர் விலை இறங்கியது. அந்த சீசனில் 1,455 யார்டு, 13 டச்டவுன். பெயர் ஜமார் சேஸ்.

கேள்வி: 12 பேர் லீக், எனக்கு 11-ஆவது இடம். ராசியில்லாத இடமா?

ராசி நன்றாகவே இருக்கிறது. பாம்பு முறையில் (ஒரு ரவுண்டு 1-லிருந்து 12, அடுத்தது 12-லிருந்து 1) உங்களுக்கு 11, 14, 35, 38. முதல் இரண்டும் அடுத்தடுத்து மாதிரிதான். தொல்லை 14-க்கும் 35-க்கும் நடுவில். இருபது பேர் போய்விடுவார்கள். இங்கேதான் அடுக்கு முறை உதவும். 14 வரும்போது மூன்றாவது அடுக்கில் இரண்டே பேர் மிச்சம், ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்) பக்கம் ஒரே தரத்தில் ஏழு பேர் என்றால் ரிசீவரை எடுங்கள். 35-இலும் அந்த ஏழில் ஒருவராவது தேறலாம். தலைகீழாக இருந்தால் தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் 35-க்கும் 38-க்கும் நடுவே எடுப்பவர் ஒரே ஆள்தான், 12-ஆம் இடத்துக்காரர். அவர் ஏற்கெனவே யாரை எடுத்திருக்கிறார் என்று எட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஒரே வாரத்தில் மூன்று ரிசீவருக்கும் ஓய்வு (அவர்கள் டீமுக்கு ஆட்டமில்லாத வாரம்) வந்தால்?

அந்த ஒரு வாரம் தோற்றுப் போங்கள். அதற்காக நல்ல ஆளை விடாதீர்கள்.

கேள்வி: எங்க டிராஃப்ட் ஆகஸ்ட் 27-ஆம் தேதி சாயங்காலம், விநாயகர் சதுர்த்தி. வீட்ல பூஜை, நடுவுல எழுந்து போனா ஆட்டோபிக் ஆயிடுமா?

ஆகும். ஆட்டோபிக் அந்த ஆப்பின் சொந்த வரிசைப்படி எடுக்கும், உங்கள் மனசில் இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் முந்தைய நாள் இரவே உட்கார்ந்து ஆப்பில் உள்ள வரிசையை உங்கள் அடுக்குப்படி இழுத்து மாற்றி வையுங்கள். ஹில் மாதிரி வேண்டாதவர்களை அடியில் தள்ளுங்கள். டிராஃப்ட் நடக்கும்போது கியூவில் (அடுத்து எடுக்க நீங்கள் குறித்து வைக்கும் பட்டியல்) எப்போதும் ஐந்து பெயராவது இருக்கட்டும். முதல் நாலு ரவுண்டு மட்டும் எப்படியாவது லேப்டாப் முன்னால் இருங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். தீபாராதனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்று வீட்டில் இன்றைக்கே கேட்டுவிடுங்கள், அன்றைக்குக் கேட்டால் நடக்காது.